பைக்குக் காவல் இருக்க வேண்டாம்

(நம் சங்கத்தின் குடும்ப தினக் கூட்டத்தில், கோடைச் சுற்றுலாவை முன்னிட்டு, பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை பேசியதன் எழுத்து வடிவம்.)



ஜெனரேட்டர் டீசல் கணக்கு, தண்ணீர் லாரி பாக்கி, மொட்டை மாடி வாட்டர் புரூஃபிங் எல்லாம் முடிந்த பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார் செயலாளர். பின்வரிசையில் பாதிப் பேர் கேசரி எப்போது வரும் என்று பார்க்கிறீர்கள். பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். முப்பத்தொரு வருடம் நாற்பது நிமிட பீரியடுக்குப் பழகியவள், அதனால் இரண்டு நிமிடம் கூடினால் மன்னிக்கவும்.

மே மாதம் நாம் ஓஎம்ஆர் பக்கம் தீம் பார்க் போகிறோம். வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். நானும் பட்டியலைப் பார்த்தேன். அதில் பதினொரு பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள்: "வருகிறோம், ரைட் எதுவும் வேண்டாம், பைகளைப் பார்த்துக்கொள்கிறோம்." பதினொரு பேர்! ஒரு பஸ்ஸில் வரும் கூட்டத்துக்கு எத்தனை பைகள் இருக்கும்? பன்னிரண்டாவதாக என் பெயரையும் எழுதப் போனேன். அப்புறம் எழுதவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

எனக்கு இந்த ராட்டின சமாச்சாரமே ஆகாது. மெரினா மணலில் ஒருவர் கையால் தள்ளிவிடுவாரே, அந்தச் சின்ன ராட்டினத்தோடு என் துணிச்சல் முடிந்தது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு 'தடையின்றி விழுதல்' பாடத்தை வருடா வருடம் நடத்தினேன். ஆனால் ஒரு தடவைகூட விழுந்து பார்க்கவில்லை. பிள்ளைகள் கேட்டால் முதுகு வலி என்பேன். முதுகு நன்றாகத்தான் இருந்தது.

1996இல் என் பையனுக்கு எட்டு வயது. நகரத்துக்கு வெளியே ஒரு பூங்காவுக்குக் குடும்பத்தோடு போனோம். ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும் பெரிய கப்பல் இருக்கிறதே, கொலம்பஸ் என்பார்கள், அதில் ஏற மாட்டேன் என்று நின்றான். சித்தப்பா பையன்கள் எல்லாம் ஏறிவிட்டார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பயப்பட ஒண்ணுமில்லடா, வெறும் பெண்டுலம்தான், சயின்ஸ் டீச்சர் பையன் நீ" என்று சொல்லி ஏற்றிவிட்டேன். நன்றாகத் தெரியட்டும் என்று கடைசி வரிசையில் உட்காரவைக்கச் சொன்னேன். நான் கீழே பைகளோடு நின்றேன்.

இறங்கி வந்தவன் அழவில்லை. வாந்தி எடுத்தான், வாய் துடைத்துக்கொண்டான், வீடு வரும் வரை என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு பள்ளி டூர் என்றால் ஜுரம் வந்துவிடும் அவனுக்கு. நானும் அதை அப்படியே மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்தப் பொங்கலுக்கு அவன் பெண்ணை அழைத்துக்கொண்டு தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனேன். அவளுக்கும் இப்போது எட்டு வயது. ஜெயின்ட் வீலில் ஒரு சுற்று போய் இறங்கினாள். "எப்படி இருந்துச்சுடி?" என்றேன். "மேல போறது பிடிச்சுது பாட்டி. கீழ வர்றப்போதான் வயித்துல என்னமோ பண்ணுது. கீழ வராத ராட்டினம் இருக்கா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுரீர் என்றது. நான் எத்தனையோ வருடமாக 'ரைட் எனக்கு ஆகாது' என்று மொத்தமாகச் சொல்லி ஒதுங்கியவள். இந்தக் குழந்தை ஒரே சுற்றில் எது ஆகிறது, எது ஆகவில்லை என்று பிரித்துச் சொல்லிவிட்டது.

நம்மில் பலர் 'எனக்கு வேகம் பிடிக்காது' என்கிறோம். யோசித்துப் பாருங்கள். விமானத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே தயிர் சாதம் சாப்பிடுகிறோம். சீரான வேகம் உடம்புக்குத் தெரியவே தெரியாது. வேகம் மாறும்போதும், திசை மாறும்போதும், உடம்பின் எடை மாறும்போதும்தான் தெரியும். அந்த மூன்றில் எது உங்களைப் படுத்துகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பூங்காவில் பாதி இடம் உங்களுக்குத் திறந்துவிடும்.

முதலில் அந்த 'வயிற்றில் என்னமோ'. அதற்கு நம் பி பிளாக் லிஃப்டே போதும். ஐந்தாவது மாடியிலிருந்து கீழே கிளம்பும் அந்த ஒரு நொடி, வயிறு லேசாக மேலே எழும்புகிற மாதிரி இருக்குமே, அதுதான். சாதாரணமாக நாற்காலியும் தரையும் நம்மைத் தாங்குகின்றன, உள்ளே குடலும் வயிறும் ஒன்றன்மேல் ஒன்று அழுத்திக்கொண்டு இருக்கின்றன. தாங்குவது கீழே இறங்க ஆரம்பித்தால் அந்த அழுத்தம் குறைகிறது. அதைத்தான் நாம் எடை குறைந்ததாக உணர்கிறோம்.

இதைக் கணக்காகவே சொல்கிறேன். 60 கிலோ எடை உள்ள ஒருவர், காலடியில் எடை பார்க்கும் மெஷினை வைத்துக்கொண்டே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு லிஃப்ட் கீழே கிளம்பும்போது மெஷின் ஏறக்குறைய 54 காட்டும். 30 மீட்டர் விட்டமுள்ள ஜெயின்ட் வீல், 20 நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால், உச்சியைத் தாண்டும்போது 51 காட்டும். லிஃப்டைவிட மூன்று கிலோதான் வித்தியாசம்! ஆனால் லிஃப்டில் அது ஒரு நொடி, இங்கே சில நொடிகள். அதனால்தான் என் பேத்திக்குத் தெரிந்தது. அதே வீல் மெதுவாகச் சுற்றினால் ஒன்றுமே தெரியாது. பொருட்காட்சியில் கூட்டத்தைக் குஷிப்படுத்த வேகமாகச் சுற்றுவார்கள், அதனால் வீல் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம்.

கொலம்பஸுக்கு வருகிறேன். கப்பல் 60 டிகிரி வரை ஆடுகிறது என்றால், நடு வரிசையில் இருப்பவருக்கு உச்சியில் மெஷின் 30 கிலோ காட்டும், அடியில் வரும்போது 120 காட்டும். சில நொடிகளுக்குள் நான்கு மடங்கு. இது திரும்பத் திரும்ப நடக்கும். கடைசி வரிசை இதைவிட உயரம் போகும், அங்கே 20 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். ஃப்ரீ ஃபால் டவர் என்று ஒரு கோபுரம் உண்டு, மேலே தூக்கி அப்படியே விட்டுவிடுவார்கள். அதில் மெஷின் பூஜ்யம். ஆறு மாடி உயரம், அதாவது 20 மீட்டர், தடையில்லாமல் விழ இரண்டே நொடி. முடிவில் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டும். பிறகு பிரேக் பிடிக்கும்.

இந்தக் கணக்கை ஜனவரியில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் 1996இல் என் பையனை எங்கே உட்காரவைத்தேன் என்பது உறைத்தது. அந்தக் கப்பலிலேயே மிக மோசமான இடம். பெண்டுலம் என்று சொன்னேனே தவிர, பெண்டுலத்தின் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை.

சரி. வயிறு ஒரு ரகம். தலைசுற்றல் இன்னொரு ரகம், இரண்டையும் குழப்பக் கூடாது. நம் காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, அவற்றில் இருக்கும் திரவம்தான் சுழற்சியைச் சொல்லும். பக்கத்திலேயே சின்னச் சின்னக் கால்சியம் படிகங்கள் இருக்கின்றன. நேராகப் போவதையும், எது மேல் எது கீழ் என்பதையும் அவை சொல்லும். கண் ஒன்று சொல்லி, காது வேறொன்று சொன்னால் குமட்டுகிறது. ஊட்டி மலைப்பாதையில் மூக்கில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இந்த ரகம். இவர்களுக்கு ரோலர் கோஸ்டரைவிடச் சும்மா சுற்றும் டீ கப் மோசம். பெரியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: படுக்கையில் புரண்டு படுத்தாலே உலகம் சுற்றுகிறது என்று டாக்டரிடம் போனவர்கள் நம்மில் சிலர் உண்டு. அந்தப் படிகங்கள் இடம் மாறிக் குழாய்க்குள் போய்விடுவதால் வருவது அது. அவர்கள் சுழலும் எதிலும் ஏற வேண்டாம், குடை ராட்டினமாக இருந்தாலும் சரி. பஸ் வாந்திக்குப் போடும் மாத்திரை தூக்கம் வரவழைக்கும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைப் போட வேண்டாம்.

மூன்றாவது, உயரம். எங்கள் வீட்டிலேயே பாருங்கள். சிங்கப்பூர் போயிருந்தபோது ஃப்ளையரில் ஏறினோம். 165 மீட்டர் உயரம், ஒரு சுற்று வர ஏறக்குறைய அரை மணி. எனக்கு அது சொர்க்கம். அவ்வளவு மெதுவாக இறங்குவதால் வயிற்றில் ஒன்றுமே இல்லை, கப்பல்களை எண்ணிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் அரை மணியும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் அவரே டீ கப்பில் குழந்தை மாதிரி சுற்றுவார். கல்யாணமாகி இத்தனை வருடம் 'நாங்க ரெண்டு பேருமே பயந்தாங்கொள்ளிங்க' என்று ஒரே பையில் போட்டு ஒதுங்கியிருந்தோம். இரண்டும் வேறு வேறு பயம். இப்படி எத்தனை ஜோடி இங்கே இருக்கிறீர்களோ!

இனி நாம் போகப்போகும் இடம். திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா 2025 டிசம்பரில் திறந்தது. 64 ஏக்கர், 611 கோடி ரூபாய் செலவு, 43 ரைடுகள் என்று அறிவித்தார்கள். அதில் பெரிய பெயர் தஞ்சோரா. சுவிட்சர்லாந்தின் பொலிஜர் அண்ட் மபிலார்ட் கம்பெனி செய்த ரோலர் கோஸ்டர், தண்டவாளம் தலைக்கு மேலே, நாம் கீழே காலைத் தொங்கவிட்டுக்கொண்டு போக வேண்டும். பெயரில் மட்டும்தான் தஞ்சாவூர்ச் சாந்தம். எங்கள் கோஷ்டி அதன் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும், கை தட்டும், அவ்வளவுதான். இன்னும் 42 இருக்கிறது.

அவர்கள் இணையதளத்திலேயே ரைடுகளைத் தண்ணீர், தரை, குழந்தைகள், அதிக த்ரில் என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கிளம்புமுன் ஒரு தடவை பாருங்கள். ஆனால் பெயரை நம்பாதீர்கள், படத்தையும் முழுசாக நம்பாதீர்கள். ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கம் விஜிபி, முட்டுக்காடு எம்ஜிஎம் என்று எங்கே போனாலும் என் முறை ஒன்றுதான். வரிசையில் நிற்பதற்கு முன்னால் ஒரு ஆட்டம் முழுசாக நின்று பார்ப்பேன். எத்தனை நொடி என்று எண்ணுவேன். மேலே போனது திடீரென்று விழுகிறதா, பின்பக்கமாகப் போகிறதா, நடுவில் வேகம் கூட்டுகிறார்களா என்று பார்ப்பேன். இறங்கி வருகிறவர்களில் காலேஜ் பையன்களை விட்டுவிட்டு, நம் வயதுக்காரர் யாராவது இருந்தால் அவர் முகத்தைப் பார்ப்பேன். அந்த முகம் பொய் சொல்லாது.

படகு மாதிரி வண்டியில் மெதுவாகத் தண்ணீரில் போகும் ரைடு இருக்கிறதே, அதில் ஜாக்கிரதை. முக்கால்வாசி நேரம் அடையாற்றுப் படகு மாதிரி போய், கடைசியில் ஒரே சறுக்கு. நனைகிற ரைடு என்றால் எங்கேயோ ஒரு சறுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுக்குள் போகும் ரைடும் அப்படித்தான், வெளியிலிருந்து பார்க்க முடியாது. பெல்ட் மாட்டிவிடும் பையனைக் கேளுங்கள்: "தம்பி, இதுல எங்கயாவது டக்குன்னு கீழ இறங்குமா?" ஒருவரும் கேலி செய்ய மாட்டார்கள். ஒரு நாளைக்கு நூறு பேர் கேட்கும் கேள்விதான் அது. வரிசையின் கடைசிப் படியில்கூட 'வேண்டாம்' என்று சொல்லித் திரும்பி வரலாம், கம்பி பூட்டிய பிறகுதான் முடியாது.

இடம் முக்கியம். கப்பலில் நடு வரிசை என்று சொன்னேன். கோஸ்டரிலும் நடுப் பெட்டிதான் சாது. முன்பெட்டிக்காரர்கள் உச்சியைத் தாண்டிச் சரிய ஆரம்பித்ததும் பின்பெட்டியை வெடுக்கென்று இழுத்துப்போடும். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஸ்பீட் பிரேக்கரில் கூரையைத் தொட்டவர்களுக்கு இது புரியும். காரணம் வேறு, பாடு ஒன்றுதான். குடை ராட்டினத்தில் வெளி வட்டக் குதிரை உள் வட்டக் குதிரையைவிட வேகமாகப் போகும், அதனால் தலைசுற்றல்காரர்கள் உள் வட்டம் பாருங்கள். டேஷிங் காரில் விழுதல் இல்லை, ஸ்டியரிங் நம் கையில் இருப்பதால் குமட்டலும் பெரும்பாலும் வராது, ஓட்டுகிறவருக்குக் காரில் வாந்தி வருவதில்லையே, அது மாதிரி. ஆனால் கழுத்து வலிக்காரர்கள் வேண்டாம். கோ-கார்ட் ஏறும் பெண்கள் துப்பட்டாவை அவிழ்த்துக் கொடுத்துவிடுங்கள், தலைமுடியை இறுக்கிக் கட்டி ஹெல்மெட்டுக்குள் விடுங்கள். இது பயம் சம்பந்தப்பட்டது இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

திரையைப் பார்த்துக்கொண்டே நாற்காலி ஆடும் தியேட்டர் ஒன்று உண்டு. எங்கும் போகவில்லையே என்று ஏறிவிடுவோம், காது-கண் சண்டைக்காரர்களுக்கு அதுதான் வினை. அங்கே கண்ணை மூடிக்கொண்டால் சண்டை முடிந்தது. நிஜமாக ஓடும் ரைடில் தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு வந்தால் குமட்டல் குறையும். சாம்பார் சாதம் சாப்பிட்ட கையோடு எதிலும் ஏற வேண்டாம். தண்ணீர்ப் பகுதியில் அலைக் குளமும், டியூபில் மிதந்து போகும் மெதுவான ஓடையும் நம் மாதிரி ஆட்களுக்கென்றே செய்தவை. மே மாத மதிய வெயிலில் வேறு எங்கே போவது?

'அறுந்து விழுந்தால்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பால்கனி கிரில்லைக் கடல் காற்று தின்பதைத் தினமும் பார்க்கும் பட்டினப்பாக்கக்காரர்கள் நாம். 2025 மே மாதம் ஈசிஆரில் ஒரு பூங்காவில் உயரத்தில் நின்றுபோன ராட்டினத்திலிருந்து தீயணைப்புத் துறையினர் ஆட்களை இறக்கியதை டிவியில் பார்த்தோம். அது பயம் இல்லை, எச்சரிக்கை. பெல்ட் சரியாகப் பூட்டாவிட்டால், கம்பி ஆடினால், சத்தம் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். இதய நோய், பிரஷர், முதுகு ஆபரேஷன் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வாசலில் எழுதியிருக்கும் போர்டை அப்படியே மதிக்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயம் ஒன்று பாக்கி. ரைடு வாசலில் உயரம் அளக்க ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு 'ஏறலாம்' என்கிறது, 'ஏற வேண்டும்' என்று சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு ஒரு சின்ன உந்துதல் தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஏறி இறங்கிய பிறகு 'இன்னொரு தடவை' என்று ஓடும் பிள்ளைகள் உண்டு. ஆனால் 54 கிலோவிலிருந்து 51க்குப் போகட்டும், அது பிடித்தால் அடுத்ததைக் கேட்கட்டும். நேராக 20 கிலோவில் கொண்டுபோய் உட்காரவைக்காதீர்கள். 'எங்க வீட்டு வாண்டுவே ஏறிட்டான், உனக்கென்ன?' என்று பக்கத்து பிளாக் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். வேகப் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: போங்கள், நன்றாகக் கத்துங்கள், இறங்கி வந்து எங்களைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

கணக்குப் போட்ட அன்று ராத்திரியே பையனுக்கு போன் செய்தேன். கோயம்புத்தூரில் இருக்கிறான். "கண்ணா, அன்னிக்கு உன்னைக் கடைசி வரிசைல உட்காரவெச்சது என் தப்புடா. கணக்குப் போட்டுப் பார்த்தேன்" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "முப்பது வருஷம் கழிச்சு பேப்பர் திருத்துறியாம்மா?" என்றான். சிரித்தானா இல்லையா என்று போனில் தெரியவில்லை. மறுநாள் அவன் பெண் எழுதுகிற மாதிரி ஒரு மெசேஜ் வந்தது: "பாட்டி, அப்பாவும் பஸ்ல வரலாமான்னு கேக்கறார்."

செயலாளர் சார், அதனால் எங்கள் வீட்டில் நான்கு டிக்கெட். மாத்தி எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பதினொரு பேருக்கும் சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு டிக்கெட்டும் ஆயிரம் ரூபாய்க்கு மேல், ஏறினாலும் ஏறாவிட்டாலும் அதே காசு. உள்ளே வாடகைக்கு லாக்கர் கிடைக்கும், நான்கு குடும்பம் சேர்ந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். மெதுவான ரைடுகளுக்கு ஒரு கோஷ்டி சேர்க்கிறேன், வருகிறவர்கள் இங்கேயே பெயர் கொடுங்கள். கேசரி வந்துவிட்டது போலிருக்கிறது.